ஆர்சி டிரான்ஸ்மிட்டரைத் திறந்து வச்சு டெஸ்ட் பண்ண ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள்: எந்த வயரை நீட்டலாம், எதைத் தொடவே கூடாது

ஆர்சி பிளேன், அதாவது ரிமோட் கண்ட்ரோல்ல பறக்கற குட்டி விமானம், பறக்க விடறவங்க கைல பழைய டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு இருந்தா அதைச் சும்மா விட மாட்டாங்க. உள்ள ஓடற சாஃப்ட்வேரை, அதாவது ஃபர்ம்வேரை மாத்தணும், டிஸ்ப்ளேக்கு பேக்லைட் போடணும், பின்னாடி இருக்கற, ரேடியோ அலை அனுப்பற ஆர்எஃப் மாட்யூலைக் கழட்டிட்டு வேற மாட்யூல் போடணும்னு ஏதாவது ஒண்ணு ஓடிட்டே இருக்கும். சால்டர் பண்றது கூட பெரிய விஷயமில்லங்க, பண்ணி முடிச்சதும் அதை டெஸ்ட் பண்றதுதான் தலைவலி. மூடி வச்சா உள்ள மீட்டர் வைக்க முடியாது, திறந்து வச்சா வயர் எட்டாது. ஸ்டிக்கும் மெயின் போர்டும் முன்பக்க மூடில இருக்கும், பேட்டரியும் மாட்யூலும் பின்பக்க மூடில இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன வயர் கொத்து. ஒரு கைல பின்மூடியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கைல மல்டிமீட்டர் ப்ரோபை வச்சு, மூக்காலயா ஸ்விட்ச் ஆன் பண்றது?

இதுக்குத்தான் எக்ஸ்டென்ஷன் கேபிள். ஒரு முனை செட்டுல, அதாவது டிரான்ஸ்மிட்டர்ல, இன்னொரு முனை மாட்யூல்ல, நடுவுல ஒரு முழ வயர். மாட்யூல் டேபிள் மேல தனியா உக்காந்திருக்கும், செட் திறந்தபடியே வேலை செய்யும், எந்த பின்ல என்ன வருதுன்னு நிதானமா பாக்கலாம். கேக்க ரொம்ப சிம்பிளா இருக்கும், அஞ்சு வயரை அஞ்சு வயரோட ஒட்ட வைக்கறதுதானேன்னு தோணும். ஆனா அந்த அஞ்சு வயர்லயும் ஓடறது ஒரே சரக்கு இல்ல. ஒண்ணுல கரண்ட், ஒண்ணுல மெதுவான சிக்னல், ஒண்ணுல வேகமான சிக்னல். ஒவ்வொண்ணுக்கும் நீளத்தோட ஒரு தனி ஒப்பந்தம் இருக்கு, அது தெரியாம நீட்டினா, மாடிஃபிகேஷன்ல தப்பா கேபிள்ல தப்பான்னு தெரியாம ராத்திரி முழுக்க உக்காந்திருக்கணும். அதனால எப்படி செய்யறதுன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்த வயர்ல என்ன ஓடுதுன்னு பாத்துருவோம்.

உதாரணத்துக்கு டர்னிகி 9எக்ஸ் எடுத்துக்கலாம், ஃப்ளைஸ்கை டிஎச்9எக்ஸ்னும் அதே செட்தான் வந்துச்சு. மாடிஃபை பண்றவங்களுக்கு இதைவிடத் தோதான செட் அந்தக் காலத்துல கிடையாது, உள்ள இருக்கற சிப் ஏடிமெகா64, அதுக்கு இஆர்9எக்ஸ்னு ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் வந்ததும் விலை குறைஞ்ச செட்ல விலை கூடின செட்டோட வேலையெல்லாம் நடக்க ஆரம்பிச்சுது. பின்னாடி இருக்கற மாட்யூல் குழி ஜேஆர் டைப், அதே டைப்தான் பின்னாடி வந்த டரானிஸ்லயும், இப்ப வர பல செட்லயும் இருக்கு. அதனால ஜேஆர் பேங்கற இந்தக் குழிக்கு ஒரு கேபிள் செஞ்சு வச்சுட்டா பல செட்டுக்கு உதவும்.

ஜேஆர் பேல 5 பின், வரிசையா, ஒண்ணுக்கொண்ணு 2.54 மி.மீ. இடைவெளி. முதல் பின்ல பிபிஎம், அதாவது ஸ்டிக் எங்க இருக்குன்னு மாட்யூலுக்குச் சொல்ற சிக்னல். ரெண்டாவது செட்டுக்கு செட் மாறும், ஓப்பன்டிஎக்ஸ்ங்கற ஃபர்ம்வேர் ஓடற செட்கள்ல அதுக்கு ஹார்ட்பீட்னு பேரு, நிறைய மாட்யூல்ல அது சும்மாவே கிடக்கும். மூணாவது பேட்டரி பிளஸ். நாலாவது கிரவுண்ட். அஞ்சாவது டரானிஸ் மாதிரி செட்கள்ல டெலிமெட்ரி, அதாவது பிளேன்லேர்ந்து திரும்பி வர்ற தகவல், எஸ்.போர்ட்னு சொல்லுவாங்க. இந்த வரிசையை மனசுல வச்சுக்குங்க, ஆனா உங்க செட்ல மீட்டர் வச்சுப் பாக்காம நம்பிராதீங்க, குறிப்பா எந்தப் பக்கத்துலேர்ந்து எண்றோம்கறதுல நிறைய பேர் சறுக்குவாங்க.

முதல்ல கரண்ட் வயர். மூணாவது பின்ல வர்றது ரெகுலேட்டர் எல்லாம் தாண்டி சாந்தமா வர்ற 5 வோல்ட் இல்ல, பேட்டரி வோல்டேஜ். 8 ரீசார்ஜபிள் ஏஏ செல் போட்டிருந்தா 9.6 வோல்ட், 3 செல் லிப்போ போட்டிருந்தா ஃபுல் சார்ஜ்ல 12.6 வோல்ட். இந்த வயர் நீளமானா என்ன ஆகும்? வோல்டேஜ் கொஞ்சம் குறையும். கணக்கு போட்டுப் பாப்போம். ரிப்பன் கேபிள்ல வர்ற வயர் பெரும்பாலும் 28 ஏடபிள்யூஜி (வயரோட தடிமன் அளவு), ஒரு மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். அரை மீட்டர் கேபிள்னா போக அரை, வர அரை, மொத்தம் ஒரு மீட்டர். மாட்யூல் அரை ஆம்பியர் இழுத்தா 0.1 வோல்ட் போச்சு, ஒரு ஆம்பியர் இழுத்தா 0.2 வோல்ட். 12 வோல்ட்ல இது ஒண்ணுமே இல்ல. அப்போ ஏன் சில பேர் கேபிள்ல மாட்யூல் திடீர் திடீர்னு ரீசெட் ஆகுது? வயர் காரணம் இல்ல, கனெக்டர்தான். லூசான ஒரு பின், ஆடற ஒரு சாக்கெட், ஒழுங்கா கிரிம்ப் ஆகாத ஒரு டெர்மினல், இவை ஒவ்வொண்ணும் அந்த ஒரு மீட்டர் வயரைவிட அதிகமா தடுக்கும், அதுவும் தொட்டா சரியாகி விட்டா கெட்டுப்போற ரகம்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். கடைல கலர் கலரா கிடைக்கற ஜம்பர் வயர் இருக்கே, ரெண்டு பக்கமும் பின் வச்சது, அதுல மலிவு ரகம் பலதுல உள்ள இருக்கறது செம்பே இல்ல, செம்பு பூசுன இரும்பு. ஒரு காந்தத்தைக் கிட்ட கொண்டு போங்க, வயர் போய் ஒட்டிக்கும். சிக்னலுக்கு அது போதும், பவருக்கு வேண்டாம். ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு, ரெண்டு தடவை மடக்கினா உள்ளயே ஒடிஞ்சிரும், வெளிய பிளாஸ்டிக் நல்லாவே இருக்கும்கறதால கண்டுபுடிக்கவும் முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கு, வயர் மெல்லிசா இருக்கறதோட ஆபத்து. 2200 எம்ஏஎச், 25சி லிப்போ பேட்டரி ஒண்ணு 55 ஆம்பியர் வரைக்கும் கொடுக்கக்கூடியது. டிரான்ஸ்மிட்டருக்கு அதுல நூத்துல ஒரு பங்குதான் தேவை, ஆனா ஷார்ட் ஆனா பேட்டரி அதெல்லாம் யோசிக்காது, 28 ஏடபிள்யூஜி வயர் கண்ணெதிர்லயே புகைஞ்சு உருகும். அதனால கேபிளோட பிளஸ் வயர்ல, செட்டுக்குப் பக்கத்து முனைல, ஒரு பாலிஃபியூஸ் போடுங்க, கரண்ட் கூடினா தடுத்து, ஆறினதும் தானா பழையபடி ஆகற ஃபியூஸ் அது. சின்ன மாட்யூலுக்கு அரை ஆம்பியர், பெரிய மாட்யூலுக்கு ஒரு ஆம்பியர். விலை ஒரு டீ காசுதான். செட்டுக்குள்ள இருக்கற சர்க்யூட் போர்டு டிராக் அதைவிட விலை கூடினது. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் பண்ற மாதிரி முதல் தடவை ஆன் பண்ணும்போது மட்டும் ஒரு 12 வோல்ட் 5 வாட் பைக் பல்பை சீரீஸ்ல போட்டும் பாக்கலாம், எங்கயாவது ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுனு எரியும், கரண்ட் சுமார் 0.4 ஆம்பியர்ல நின்னுரும், எதுவும் கருகாது. எனக்கு ஃபியூஸைவிட இந்த பல்பு வழிதான் புடிக்கும், ஏன்னா கண்ணால பாக்கலாம். ஆனா டெஸ்ட் முழுக்க அதோட ஓட்ட முடியாது, மாட்யூல் கரண்ட் இழுக்கும்போதெல்லாம் பல்பும் கொஞ்சம் வோல்டேஜைத் தின்னும்.

கிரவுண்ட் வயரை எல்லாரும் ஏனோதானோன்னு விட்டுருவாங்க. ஆனா கேபிள்ல முக்கியமான வயர் அதுதான், ஏன்னா மாட்யூலோட மொத்தக் கரண்டும் அது வழியாத்தான் திரும்பி வருது, சிக்னல் எவ்வளவு வோல்ட்னு மாட்யூல் அளக்கறதும் அதை வச்சுத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல் எல்லாம் தொடர்ச்சியா அனுப்பாது, விட்டு விட்டு அனுப்பும், அனுப்பற அந்தக் கணத்துல மட்டும் கரண்ட் எகிறும். அந்த எகிறல் கிரவுண்ட் வயர்ல ஒரு சின்ன வோல்டேஜை உண்டாக்கும், மாட்யூலோட பூஜ்யமும் செட்டோட பூஜ்யமும் அந்த நேரத்துக்கு ஒண்ணா இருக்காது. ரெண்டு வேலை பண்ணினா இது தீரும். கிரவுண்டுக்கு ஒரு வயருக்குப் பதிலா ரெண்டு மூணு வயர் கொடுங்க. அப்பறம் மாட்யூல் பக்க முனைல பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 220 மைக்ரோஃபேரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒண்ணு போடுங்க, அந்தத் திடீர் தேவையை அது பக்கத்துலேர்ந்தே கொடுத்துரும். கெப்பாசிட்டர்ல மைனஸ் கோடு எந்தப் பக்கம்னு பாத்துப் போடணும், மாத்திப் போட்டா வெடிக்கும், அது சும்மா பேச்சுக்குச் சொல்றதில்ல.

இப்போ சிக்னலுக்கு வருவோம். பிபிஎம்ங்கறது பழைய ஆளு, பொறுமைசாலி. நீங்க ஸ்டிக்கை எங்க வச்சிருக்கீங்கங்கறதை அது நேரத்தால சொல்லும். ஒரு சேனலுக்கு 1 மில்லிசெகண்ட்லேர்ந்து 2 மில்லிசெகண்ட் வரைக்கும், ஸ்டிக் நடுவுல இருந்தா 1.5. ஒவ்வொரு சேனலுக்கும் நடுவுல 300, 400 மைக்ரோசெகண்ட் அளவுல ஒரு சின்ன பல்ஸ் வந்து வேலி போடும். 8 சேனலும் வரிசையா போனதும் ஒரு நீளமான அமைதி, அந்த அமைதியைப் பாத்துத்தான் மாட்யூல் ஓஹோ அடுத்த சுத்து ஆரம்பிக்குதுன்னு புரிஞ்சுக்கும். மொத்த சுத்துக்கும் 22.5 மில்லிசெகண்ட். எல்லா ஸ்டிக்கும் நடுவுல இருந்தா 8 சேனலுக்கு 12 போச்சு, அமைதிக்கு 10.5 மிச்சம். எல்லாத்தையும் முழுசா தள்ளினாலும் 16 போக 6.5 மிச்சம், எந்த சேனலோடயும் குழம்பாத அளவுக்கு நீளம். கணக்கு போட்டுத்தான் வச்சிருக்காங்க. ஒரு செகண்டுக்கு சுமார் 44 சுத்து.

இதை நீட்டினா என்ன ஆகும்? சிக்னல் வயர்ல ஒரு மீட்டர் போக சுமார் 5 நானோசெகண்ட்தான் ஆகும், அதை மறந்துரலாம். பிரச்சினை பண்ணக்கூடியது வயருக்கும் வயருக்கும் நடுவுல தானா உண்டாகற கெப்பாசிட்டன்ஸ். கேபிள்ல மொத்தமா ஒரு 50 பிகோஃபேரட்னும், செட்டுக்குள்ள சிக்னல் ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் தாண்டி வருதுன்னும் வச்சுக்குவோம். ரெண்டையும் பெருக்கினா 50 நானோசெகண்ட். பல்ஸோட ஓரம் அந்த அளவுக்கு மழுங்கும். 300 மைக்ரோசெகண்ட் பல்ஸுக்கு முன்னாடி 50 நானோசெகண்ட்னா ஆறாயிரத்துல ஒரு பங்கு. பிபிஎம்முக்கு அரை மீட்டர் என்ன, ரெண்டு மீட்டர் கேபிள் போட்டாலும், பிளேன்ல ஸ்டிக் சொல்றபடி அசையற சர்வோ மோட்டாருக்கு வித்தியாசம் தெரியாது. டிரெய்னர் கேபிள்னு ரெண்டு செட்டை இணைச்சு வாத்தியாரும் பையனும் சேர்ந்து பறக்க விடறாங்களே, அதுல ஓடறதும் இதே பிபிஎம்தான், அது எத்தனை நீளக் கேபிள்ல ஓடுதுன்னு பாத்தாலே புரியும்.

புது மாட்யூல்கள் கதை வேற. கிராஸ்ஃபயர், எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் மாதிரி மாட்யூல்களோட செட் பேசறது பிபிஎம்ல இல்ல, சிஆர்எஸ்எஃப்னு ஒரு சீரியல் முறைல. ஒரே வயர்ல போகவும் வரவும் பேசிக்கும், செட் பேசி முடிச்சதும் அதே வயர்ல மாட்யூல் பதில் சொல்லும். வேகம் பொதுவா 4 லட்சம் பாட், அதாவது ஒரு பிட்டுக்கு 2.5 மைக்ரோசெகண்ட். எட்ஜ்டிஎக்ஸ் ஃபர்ம்வேர் ஓடற செட்ல இதை 18.7 லட்சம், 37.5 லட்சம், 52.5 லட்சம் வரைக்கும் ஏத்தலாம். 52.5 லட்சத்துல ஒரு பிட்டோட ஆயுள் சுமார் 190 நானோசெகண்ட். அதே 50 நானோசெகண்ட் மழுங்கலை இங்க வச்சுப் பாருங்க, பிட்டுல கால்வாசிக்கு மேல போச்சு. அதோட வயர் முனைல சிக்னல் மோதித் திரும்பறது, பக்கத்து வயர்லேர்ந்து ஒட்டிக்கறது எல்லாம் சேர்ந்துக்கும். டெலிமெட்ரி போச்சு, டெலிமெட்ரி வந்துச்சுன்னு செட்ல பதிவு பண்ணி வச்ச பொண்ணு குரல் மாறி மாறிக் கத்திட்டே இருக்கும். நீங்க மாட்யூல் கெட்டுப்போச்சுன்னு நினைப்பீங்க.

அதுக்குப் பரிகாரம் ரொம்ப சுலபம். கேபிளோட டெஸ்ட் பண்ற வரைக்கும் மெனுல போய் பாட் ரேட்டை 4 லட்சத்துக்கு இறக்கிருங்க, ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அனுப்பறதுங்கற பாக்கெட் ரேட்டையும் அதுக்கு ஏத்த மாதிரி குறைச்சுக்குங்க, கேபிளை 15, 20 சென்டிமீட்டருக்குள்ள வையுங்க. கேபிளைக் கழட்டி மாட்யூலை நேரா சொருகினப்பறம் வேகத்தைத் திரும்ப ஏத்திக்கலாம். மாட்யூல் கெட்டுப்போச்சா கேபிள் நீளமான்னு சந்தேகம் வந்தாலும் இதுதான் முதல் டெஸ்ட், பாட் ரேட்டைக் குறைச்சதும் சரியாச்சுன்னா ஆள் கேபிள்தான்.

நீட்டவே கூடாதது ஆன்டெனா வயர். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளமே 12.5 சென்டிமீட்டர்தான், கால் அலைன்னா 31 மி.மீ. அந்த அளவுல சாதா வயர் ஒரு துண்டை நடுவுல ஒட்டினா அது வயர் இல்ல, அதுவே ஒரு ஆன்டெனா. மாட்யூல்லேர்ந்து கிளம்பற பவர்ல ஒரு பகுதி எங்கயோ போகும், இன்னொரு பகுதி திரும்பி வந்து ஃபைனல் ஆம்ப்ளிஃபயரையே சுடலாம். 9எக்ஸ்ஸோட ஒரிஜினல் மாட்யூல்லேர்ந்து ஒரு மெல்லிசான கோஆக்ஸ் வயர் செட்டு தலைல இருக்கற ஆன்டெனாவுக்குப் போகும், மாட்யூலை அவசரமா வெளிய இழுத்தா முதல்ல அறுபடறது அதுதான். அப்படிப்பட்ட மாட்யூலை டேபிள்ல வச்சு டெஸ்ட் பண்ணணும்னா ஆன்டெனாவையும் சேர்த்து வெளிய எடுங்க, கோஆக்ஸை நீட்டாதீங்க. ஆன்டெனாவே இல்லாம, ஒரு நிமிஷம்தானேன்னு மாட்யூலை ஆன் பண்றதும் வேண்டாம். சின்ன யு.எஃப்.எல் கனெக்டர் வச்ச ஆன்டெனாவா இருந்தா சும்மா சும்மா கழட்டி மாட்டாதீங்க, அது மொத்தமே 30 தடவைக்குத்தான் கேரண்டி.

சரி, இப்போ செய்முறை. எனக்குப் புடிச்சது ரிப்பன் கேபிள். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல எஃப்ஆர்சி கனெக்டர்னு கேட்டா 10 பின் கனெக்டரும் ரிப்பன் கேபிளும் கொடுப்பாங்க, சால்டரே வேண்டாம், கேபிளை உள்ள விட்டு வைஸ்ல வச்சு நேரா அழுத்தினா பல்லு வயரைக் கடிச்சுக்கும். நமக்கு 5 பின்தான் வேணும், கேபிள்ல 10 வயர் இருக்கு, மிச்ச அஞ்சு வீண் இல்ல. சிவப்புக் கோடு போட்ட வயர்லேர்ந்து எண்ணி இப்படிக் கொடுங்க: கிரவுண்ட், பிபிஎம், கிரவுண்ட், ரெண்டாம் பின், கிரவுண்ட், டெலிமெட்ரி, கிரவுண்ட், பிளஸ், பிளஸ், கிரவுண்ட். ஒவ்வொரு சிக்னலுக்கும் ரெண்டு பக்கமும் கிரவுண்ட் காவல் நிக்குது, பவருக்கு ரெண்டு வயர், கிரவுண்டுக்கு அஞ்சு. முன்னாடி சொன்ன எல்லாக் கவலையும் இந்த ஒரு ஏற்பாட்டுலயே பாதிக்கு மேல தீந்துரும். ரெண்டு முனைலயும் ஒரு சின்ன டாட் போர்டு துண்டு வச்சு, 10 வயரை 5 பின்னுக்கு அங்க சேர்த்துக்கலாம், பாலிஃபியூஸையும் கெப்பாசிட்டரையும் அதே துண்டுல வச்சுரலாம். இவ்வளவு வேண்டாம், பிபிஎம் மட்டும்தான் டெஸ்ட் பண்ணப் போறேன்னா, சர்வோ எக்ஸ்டென்ஷன் வயர் ரெண்டை எடுத்துக்குங்க, நல்ல செம்பு, மூணு மூணு வயர், கைவசம் இருக்கும், அதை வெட்டி ஒட்டினாலே போதும். ரிலிமேட் கனெக்டர் வச்சு செய்யறவங்களும் உண்டு, பூட்டு இருக்கறதால மாத்தி மாட்ட முடியாது, ஆனா அதை ஜேஆர் பேல நேரா சொருக முடியாது, நடுவுல சேர்த்துக்கத்தான் ஆகும்.

எந்த முனைல ஆண், எந்த முனைல பெண்? செட்டுக்குள்ள குழில நிக்கறது ஆண் பின், மாட்யூல் முதுகுல இருக்கறது பெண் சாக்கெட். அதனால கேபிளோட செட் முனைல பெண் ஹெடர், மாட்யூல் முனைல ஆண் பின், அதாவது பெர்க் ஸ்டிரிப்லேர்ந்து அஞ்சு பின்னா ஒடிச்சு எடுத்துக்கணும். இதுல ஒரு வில்லங்கம் ஒளிஞ்சிருக்கு. மாட்யூலை மாட்டாம செட்டை ஆன் பண்ணினா அந்த ஆண் பின்கள் டேபிள் மேல திறந்து கிடக்கும், அதுல பேட்டரி வோல்டேஜ் நிக்கும், பிளஸ்ஸும் கிரவுண்டும் பக்கத்துப் பக்கத்துல 2.54 மி.மீ. தள்ளி. கட்டிங் பிளையர் ஒண்ணு உருண்டு வந்து மேல விழுந்தா போதும். மாட்யூலை மாட்டினப்பறம்தான் ஆன், ஆஃப் பண்ணினப்பறம்தான் கழட்டறதுன்னு பழக்கம் வச்சுக்குங்க, சும்மா இருக்கற நேரத்துல அந்தப் பின்னுக்கு ஒரு பெண் ஹெடர் துண்டைத் தொப்பியா மாட்டி வையுங்க.

மாத்தி மாட்டினா என்ன ஆகும்னும் தெரிஞ்சுக்கணும். சர்வோ கனெக்டர்ல பிளஸ் நடுவுல இருக்கறதால திருப்பி மாட்டினாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஜேஆர் பேலயும் பிளஸ் நடுவுலதான், மூணாவது பின், அஞ்சுல நடு. அப்போ திருப்பி மாட்டினாலும் தப்பிச்சுக்கலாம்னு நினைச்சா, இல்ல. பிளஸ் பிளஸ்ஸோட சேரும், ஆனா செட்டோட கிரவுண்ட் மாட்யூலோட ரெண்டாவது பின்ல போய் உக்காரும், மாட்யூலுக்குக் கிரவுண்டே கிடைக்காது, அது கரண்டைத் திருப்பி அனுப்ப சிக்னல் பின் வழியா வழி தேடும். திருப்பி மாட்டறதைவிட மோசம் ஒரு பின் தள்ளி மாட்டறது. மாட்யூலோட கிரவுண்ட்ல பேட்டரி பிளஸ், டெலிமெட்ரி பின்ல கிரவுண்ட்னு வந்துச்சுன்னா உள்ள இருக்கற சிப் அங்கயே கதம். குழிக்குள்ள மாட்யூலை நேரா சொருகும்போது பிளாஸ்டிக் சுவரே இந்தத் தப்பைத் தடுத்துரும், கேபிள்ல அந்தச் சுவர் கிடையாது. அதனால ரெண்டு முனைலயும் முதல் பின் பக்கத்துல நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு, செட்லயும் மாட்யூல்லயும் அதே இடத்துல ஒரு பொட்டு. பெண் ஹெடரை அஞ்சு பின்னுக்கு அளவா வெட்டாம ரெண்டு பக்கமும் ஒரு பிளாஸ்டிக் துண்டு ஒட்டி, குழிக்குள்ள இறுக்கமா உக்கார மாதிரி செஞ்சுட்டா ஒரு பின் தள்ளி மாட்டவே முடியாது.

கேபிள் ரெடி ஆனதும் உடனே மாட்டிராதீங்க. மல்டிமீட்டரை பஸ்ஸர்ல வச்சு, முதல் பின்னுக்கு முதல் பின் கத்துதா, ரெண்டுக்கு ரெண்டு கத்துதான்னு அஞ்சையும் பாருங்க. அது பாதி டெஸ்ட்தான். மீதிப் பாதி, கத்தக்கூடாதது கத்துதான்னு பாக்கறது, எந்த ரெண்டு பின்னை எடுத்தாலும் ஒண்ணுக்கொண்ணு சத்தம் வரக்கூடாது, மொத்தம் 10 ஜோடி. கெப்பாசிட்டர் போட்டிருந்தா பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு கணம் கத்திட்டு நின்னுரும், அது சரிதான், நிக்காம கத்தினா தப்பு. சத்தம் வரும்போதே கேபிளை ரெண்டு முனைலயும் ஆட்டிப் பாருங்க, விட்டு விட்டுக் கத்துச்சுன்னா அந்த முனையைத் திரும்பச் செய்யுங்க, பரவால்லன்னு விடாதீங்க.

அடுத்து, மாட்யூல் இல்லாம ஆன் பண்ணக் கூடாதுங்கற பழக்கத்துக்கு இந்த ஒரு தடவை மட்டும் விதிவிலக்கு: கேபிளை செட்ல மட்டும் மாட்டி ஆன் பண்ணி, தூர முனைல வோல்டேஜை ஜாக்கிரதையா பாருங்க. மூணாவது பின்ல பேட்டரி வோல்டேஜ், நாலாவதுல பூஜ்யம், சரியான இடத்துல வருதா? வந்துச்சுன்னா ஆஃப் பண்ணிட்டு மாட்யூலை மாட்டி, திரும்ப ஆன் பண்ணி மாட்யூல் கிட்டயே வோல்டேஜ் அளங்க. லோடு இல்லாம வந்ததுக்கும் இதுக்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா ஏதோ ஒரு கனெக்டர் சரியில்ல, பாலிஃபியூஸ் போட்டிருந்தா அதுவும் கொஞ்சம் எடுத்துக்கும், அதைக் கழிச்சுக்குங்க.

அப்பறம்தான் ரிசீவரும் சர்வோவும். இதுல ஒரே ஒரு கண்டிப்பு, மோட்டார் வச்ச மாடலோட டெஸ்ட் பண்ணினா புரொப்பல்லரைக் கழட்டிருங்க. கேபிள்ல ஒரு வயர் ஆடினா சிக்னல் எப்படி வேணாலும் போகும், த்ராட்டில் சேனல் எதுவா மாறும்னு யாருக்கும் தெரியாது, மோட்டார் திடீர்னு சுத்தினா விரல் போயிரும். வெறும் ரிசீவர், ஒரு சர்வோ, 4 ரீசார்ஜபிள் ஏஏ செல் போட்ட ஒரு பேட்டரி போதும். ஸ்டிக்கைத் தொடாம விட்டுட்டு சர்வோ கொம்பைப் பாருங்க, நடுங்காம நிக்கணும். நடுங்கினா மாட்யூலைத் தூரத் தள்ளி வச்சுப் பாருங்க, தள்ளினதும் நின்னுச்சுன்னா பிபிஎம்ல தப்பு இல்ல, மாட்யூல்லேர்ந்து வர்ற ரேடியோ அலை திறந்து கிடக்கற மெயின் போர்டுக்குள்ள ஏறுது. ஸ்டிக்குல இருக்கற பொட்டென்ஷியோமீட்டர் வோல்டேஜை ஏடிமெகா64 10 பிட்ல அளக்குது, 5 வோல்ட்டை 1024 படியா வெட்டினா ஒரு படி சுமார் 5 மில்லிவோல்ட், அந்த அளவு குப்பை ஏறினாலே ஸ்டிக் தானா அசையற மாதிரி தெரியும். கேபிள் மேல ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினா பெரும்பாலும் அடங்கிரும். இதே காரணத்தால ஸ்டிக் வயரை நீட்டறதா இருந்தா சின்னதா நீட்டுங்க, மாட்யூல் கேபிளோட சேர்த்துக் கட்டாதீங்க.

சிக்னலைக் கம்ப்யூட்டர் திரைல வரைஞ்சு காட்டற 8 சேனல் மலிவு லாஜிக் அனலைசர் கைல இருந்தா இந்த நேரத்துல பிபிஎம் பின்ல மாட்டிப் பாருங்க, திரைல 8 சேனலையும் பிரிக்கற அந்த 9 வேலியும், கடைசில நீளமான அமைதியும் கண்ணு முன்னாடி நிக்கும், ஸ்டிக்கை மெதுவா தள்ளினா ஒரு இடைவெளி மட்டும் நீளும், அதுக்கு அடுத்த வேலியெல்லாம் சேர்ந்து தள்ளிப் போகும், அமைதி அதே அளவு சுருங்கும். புத்தகத்துல பத்துப் பக்கம் படிச்சாலும் வராத தெளிவு இதுல ரெண்டே நிமிஷத்துல வந்துரும்.

ஃபர்ம்வேர் ஏத்தற கேபிளும் இதே குடும்பம்தான், சுருக்கமா சொல்லிடறேன். 9எக்ஸ்ல யுஎஸ்பி பிரோகிராமரை மாட்ட 6 வயர் சால்டர் பண்ணுவாங்க. ஏடிமெகா64ல ஒரு கூத்து என்னன்னா, மத்த ஏவிஆர் சிப்ல மோசி, மிசோன்னு இருக்கற கால்ல வயரை ஒட்டினா பிரோகிராம் ஏறாது, பிடிஐ, பிடிஓன்னு தனிக் கால் இருக்கு, அதுலதான் ஒட்டணும். கேபிள் ஒரு சாணுக்கு மேல வேண்டாம், நீளம் கட்டாயம்னா பிரோகிராமர் வேகத்தைக் குறைச்சுக்குங்க, எஸ்சிகேங்கற கிளாக் வயர் பக்கத்துல கிரவுண்ட் வயர் போகட்டும். ஏத்தும்போது மாட்யூலைக் கழட்டி வச்சுட்டா நல்லது, பாதில செட் ரீசெட் ஆகும்போது மாட்யூலுக்குப் புரியாத சிக்னல் எதுவும் போகாது.

பவர் விஷயமும் கொஞ்சம். டேபிள் டெஸ்டுக்கு மாட்யூலை இருக்கறதுலயே குறைஞ்ச பவர்ல வையுங்க, பக்கத்துலயே ரிசீவர் இருக்கு, ஒரு வாட் எதுக்கு? 2.4 கிகாஹெர்ட்ஸ் இந்தியாவுல 2005லேர்ந்து குறிப்பிட்ட பவர் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம். வெளிநாட்டுலேர்ந்து வர்ற 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல்கள் அப்படி இல்ல, இங்க அந்தப் பக்கம் மொபைல் ஃபோன் கம்பெனிகளுக்குக் கொடுத்த இடம், டேபிள் டெஸ்டுக்குன்னாலும் ஆன் பண்ணாதீங்க.

எல்லாம் சரியா ஓடினதும் கேபிளைக் கழட்டிட்டு, மாட்யூலைக் குழில நேரா சொருகி, மூடியைப் போட்டு ஸ்க்ரூ முடுக்கி, பாட் ரேட்டைப் பழைய இடத்துக்கு ஏத்தி, திறந்த மைதானத்துல போய் பவரைக் குறைச்சு தூரத்தைச் சோதிக்கற ரேஞ்ச் செக் மோடுல ஒரு தடவை நடந்து பாத்துருங்க. கேபிளோட வேலை செஞ்சதுங்கறதால மூடின செட்டும் செய்யும்னு எடுத்துக்க முடியாது, மூடும்போது ஒரு வயர் நசுங்கியிருக்கலாம், ஆன்டெனா இடம் மாறியிருக்கலாம். கேபிளோடயே பறக்க விடலாமான்னு சில பேர் கேக்கறாங்க. வேண்டாங்க, இது டேபிளுக்குச் செஞ்ச கேபிள்.